முன்னோரைக் காட்டும் ஏடுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், நாவற்குழியையும் சாவகச்சேரியையும் கடந்தபின் கொடிகாமத்தை அடைவர். அங்கே வீதிகள் பிரிகின்றன. வடக்கே செல்வது வரணி வழியாகப் பருத்தித்துறைக்குப் போகிறது. தெற்கே செல்வது கச்சாயிற் கடனீரேரிக் கரையைத் தொடுகிறது. பலாப்பழமும் மாம்பழமும் தேங்காயும் பனம்பண்டமும் குவியும் சந்தையினால் இவ்வூர் குடாநாடெங்கும் பெயர் பெற்றது. 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியபின் இங்கிருந்து கொழும்புக்கும், அப்பால் மலாயாவுக்கும் உத்தியோகம் நாடிச் சென்றோர் பலர். அவ்வாறு சென்றவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இன்று உலகின் பல பாகங்களிலுமிருந்து திரும்பிப் பார்த்து, தங்கள் முன்னோர் யாவர், எந்த வளவிற் குடியிருந்தனர், எக்காலத்தில் இவ்வூருக்கு வந்தனர் என்று வினவுகின்றனர்.

இவ்வினா வெறும் ஆவலினால் எழுவது என்று எண்ணுதல் தவறு. ஊரிலேயே இருப்போருக்கும் இது பல சமயங்களிற் கட்டாயமாகிறது. பல உரித்தாளர் கூட்டாக வைத்திருக்கும் காணியொன்றை நீதிமன்றத்தின் மூலம் பிரித்துக்கொள்ள விரும்புவோர், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின்படி வழக்கோடு தங்கள் வமிசாவளியையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். மூன்று தலைமுறைக்கு முன் காணியை ஆண்ட ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் யார் பிள்ளையின்றி இறந்தார், யார் சீதனம் பெற்று வெளியேறினார் என்பதைக் காட்டமுடியாவிடின் பங்கு தளர்ந்துபோகும். போரினால் இடம்பெயர்ந்து, பிறப்புச் சான்றிதழும் உறுதியும் இழந்து மீண்டவர்களுக்கு இவ்வருத்தம் இரட்டிப்பானது.

நல்லூர், வட்டுக்கோட்டை போன்ற இடங்களைவிடத் தென்மராட்சியின் கீழ்ப்பகுதியில் இத்தேடல் கடினமாவதற்குக் காரணம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினம் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என நான்கு பெரும் பிரிவுகளாக இருந்தது. வலிகாமத்தில் மக்களும் செறிந்திருந்தனர். கோயிற்பற்றுக்களும் பாடசாலைகளும் செறிந்திருந்தன. கிழக்கே செல்லச் செல்லக் குடியும் குறைந்தது, எழுதுவோரும் குறைந்தனர். பச்சிலைப்பள்ளிக்கு அப்பால் வன்னிக் காடு. அக்காட்டிலிருந்து வரும் யானைக்கும் பகைவனுக்கும் காவலாக ஆனையிறவிலும் அதனையடுத்த இரண்டிடங்களிலும் ஒல்லாந்தர் சிறு கோட்டைகளை வைத்திருந்தனர். ஆகவே கொடிகாமத்தின் பழைய குடும்பங்களைத் தேடுவோர், எல்லைப்புறத்து மக்களைத் தேடுவோருக்குரிய இடர்கள் அனைத்தையும் எதிர்கொள்வர்.

எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையது தோம்பு. இது போத்துக்கேயச் சொல். போத்துக்கல் நாட்டின் தலைமைச் சுவடிச்சாலைக்கு இன்றும் ‘தோம்பின் கோபுரம்’ என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போத்துக்கேயர், எந்த ஊரிலிருந்து என்ன இறை வரவேண்டும் என்பதை ஏட்டில் ஏற்றினர். 1645ஆம் ஆண்டைச் சார்ந்த அவ்வகை ஏடொன்றை ஆதாரமாகக் கொண்டு போல் ஈ. பீரிசு அவர்கள் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இம்முறையைக் கைவிடாது விரித்தனர். நிலத்துக்கு ஒரு தோம்பும் ஆட்களுக்கு ஒரு தோம்பும் எழுதப்பட்டன. நிலத்தோம்பு காணியின் பெயரையும் பரப்பையும் ஆள்பவரையும் கூறும்; தலைத்தோம்பு தலைவரிக்கும் ஊழியத்துக்கும் உரியவர்களைக் கணக்கிடும்.

தோம்பை வாசிப்பவர் அது எதற்காக எழுதப்பட்டது என்பதை ஒருகணமும் மறத்தலாகாது. வமிசத்தைப் போற்றுதற்கு எழுதிய ஏடன்று அது; வரி வாங்குவதற்கு எழுதிய ஏடு. வரி கேட்பவனுக்கு முன் எந்தக் குடியானவனும் தன் வீட்டில் ஆள் அதிகம் என்று சொல்லமாட்டான். வளர்ந்த மகன் வன்னிக்குப் போய்விட்டான் என்பான். நல்ல தோட்டத்தைக் கலட்டி என்பான். ஆதலால் ஒருவருடைய பெயர் தோம்பில் இருந்தால் அவர் இருந்தார் என்று கொள்ளலாம். இல்லாமையால் அவர் இருந்திலர் என்று கொள்ளல் ஆகாது.

அடுத்தது கோயிற்பற்று ஏடு. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் ஊழியஞ் செய்த பிலிப்பு பல்தேயு பாதிரியார், தாம் நாடு திரும்பியபின் 1672இல் அம்சுடர்டாமில் வெளியிட்ட பெருநூலில் ஒவ்வொரு பிரிவிலுமுள்ள கோயிற்பற்றுக்களைப் பெயர் சொல்லி விவரித்திருக்கிறார். தென்மராட்சியில் அவர் கூறுபவை நாவற்குழி, சாவகச்சேரி, கச்சாய், வரணி, எழுதுமட்டுவாள் என்னும் ஐந்து. கொடிகாமம் அவற்றுள் ஒன்றன்று. ஆகவே கொடிகாமத்தாரின் பெயரைக் கொடிகாமம் என்ற தலைப்பின் கீழ்த் தேடிக் காணாது கைவிடுவோர், அயலிலுள்ள கச்சாயையும் வரணியையும் பார்க்க மறந்தவர் ஆவர். இன்னொன்றும் உண்டு. ஐரோப்பியர் தம் காதிற் பட்டவாறே ஊர்ப்பெயரை எழுதினர். பல்தேயுவின் நூலிற் கச்சாய் ‘கத்தாய்’ என்ற உருவிற் காணப்படுகிறது. சீன தேசத்துக்கு ஐரோப்பாவில் வழங்கிய பழம்பெயரும் எழுத்துக்கு எழுத்து அதுவே. தென்மராட்சியை அறியாத ஆராய்ச்சியாளர் ஒருவர் அவ்விடத்தில் எவ்வளவு தூரம் கடல் கடந்து போய்விடக்கூடும்!

ஒவ்வொரு கோயிற்பற்றிலும் கோயிலோடு சேர்ந்து ஒரு பாடசாலை இருந்தது. பாடசாலை ஆசிரியரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்து வந்தார். பாடசாலைத் தோம்பு என வழங்கிய இப்பதிவே ஒருவருடைய வயதுக்கும், அவர் முறையான விவாகத்திற் பிறந்தவர் என்பதற்கும் சான்றாயிற்று. முதுசத்துக்கு உரிமை கோருவதற்கும் உத்தியோகம் பெறுவதற்கும் இச்சான்று வேண்டியிருந்தமையால், சைவ ஒழுக்கத்தை வீட்டில் விடாதவர்களும் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுசென்று பெயர் பதிவித்தனர். ஞானஸ்நான ஏட்டிற் போத்துக்கேயப் பெயர். வீட்டிற் கந்தன் அல்லது நாகன். 1707இல் தேசவழமைத் தொகுப்பைப் பார்வையிட்டு உடன்பட்ட பன்னிரண்டு முதலிமாருட் பலர் பெயர்கள் ‘டொன்’ என்று தொடங்குவதைக் கண்டு அவர்கள் யாவரும் பற்றுள்ள கிறித்தவர் என முடிவு செய்தல் அவசரமாகும். 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பெற்றபின், கட்டாயம் நீங்கியதும், ஏட்டிலிருந்த கிறித்தவர்கள் பெரும்பாலோர் ஏட்டிலிருந்தபடியே மறைந்துபோயினர். மறுபுறத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாசு முனிவரைப் பின்பற்றிய கத்தோலிக்கர், ஒல்லாந்தர் தடைக்கு அஞ்சி இரவிலே கூடி வழிபட்டனர். உறுதியான விசுவாசமுடையவர் ஏட்டில் இல்லை. விசுவாசமற்றவர் ஏட்டில் உளர்.

இதற்கு முற்றிலும் எதிர்மாறான நிலை ஒன்றை அமெரிக்காவிற் காணலாம். 1708இல் செருமனி நாட்டுச் சுவார்சனோ என்னும் ஊரில் எட்டுப்பேர் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெற்று ஒரு சகோதர சபையைத் தொடங்கினர். அச்சபையார் 1719இற் பீற்றர் பெக்கர் தலைமையிற் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயரத் தொடங்கி, 1723ஆம் ஆண்டு நத்தார் நாளில் அங்கு தங்கள் முதல் ஞானஸ்நானத்தை நடத்தினர். பின்னர் மேற்கும் தெற்குமாக, நீதிமன்றமும் கோயிலும் இல்லாத காட்டெல்லைகளுக்குப் பரவினர். வளர்ந்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்பது அவர்கள் கொள்கை. ஆதலாற் குழந்தைகளின் ஞானஸ்நான ஏடு அவர்களிடம் இல்லை. சத்தியஞ் செய்தல் ஆகாது என்பதனால் நீதிமன்ற ஏடுகளிலும் அவர்கள் அருகியே தோன்றுவர். போர்ப்பயிற்சிக்குப் போகாமைக்காக அவர்களுக்கு விதித்த தண்டப்பண அட்டவணைகளிலேயே பலருடைய பெயரை இன்று கண்டெடுக்கின்றனர். 1770இல் மோர்கன் எட்வேட்சு என்னும் பப்திசுது போதகர் பென்சில்வேனியச் சபைகளைச் சுற்றி எழுதிய குறிப்பும், நிலவழங்கற் பத்திரங்களும், வரி அட்டவணைகளும், மரணசாசனங்களுமே அவர்கள் சந்ததியாருக்குத் துணை. செருமன் பெயரான மியூல்லர் ஆங்கில எழுதுவினைஞர் கையில் மில்லர் ஆனபின், எந்த மில்லர் யாருடைய மகன் என்று பிரித்தறிவது பெரும்பாடு. ஆயினும் அவர்கள் கைக்கொண்ட வழி யாழ்ப்பாணத்தாருக்கும் பொருந்தும்: சமய ஏடு கைவிடும்போது நிலத்தைப் பின்தொடர்க.

நிலத்தைப் பின்தொடர்வதில் யாழ்ப்பாணத்தார் அமெரிக்கரினும் பாக்கியசாலிகள். இங்கு ஒவ்வொரு காணித் துண்டுக்கும் தனிப்பெயர் உண்டு. கலட்டி, புலம், தாழ்வு, வளவு, சீமா என முடியும் அப்பெயர்கள், ஆள்பவர் மாறினாலும் எளிதில் மாறுவதில்லை. மனிதர் பெயரோ அவ்வாறன்று. சின்னத்தம்பி, ஆறுமுகம், கந்தர், வேலுப்பிள்ளை என்ற சில பெயர்களே ஊர் முழுவதும் சுற்றிவருவன. பாட்டன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் வழக்கத்தால் ஒரே குடும்பத்திலும் அப்பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்புகின்றன. கந்தர் மகன் ஆறுமுகம், ஆறுமுகம் மகன் கந்தர், கந்தர் மகன் ஆறுமுகம் என்று செல்லும் வரிசையில், நடுவே இரண்டு தலைமுறை விடுபட்டாலும் எழுதுபவருக்குத் தெரியாது. இம்மயக்கத்தோடு இன்னொரு மயக்கமும் சேர்கிறது. யாழ்ப்பாணத்தார் தந்தையின் அல்லது தாயின் தந்தையைப் பேரன் என்றும் அவர் மனைவியைப் பேத்தி என்றும் சொல்வர். தமிழகத்தார்க்கு அதே சொற்கள் கீழ்த்தலைமுறையைக் குறிப்பன. பழங்கடிதமொன்றில் ‘பேரன் காலமானார்’ என்றிருப்பதை வேற்றூரில் வளர்ந்தவர் வாசித்தால் முதியவர் இறப்பைக் குழந்தையின் இறப்பாக எண்ணிவிடுவர்.

உறுதி என்னும் காணிச் சாதனமே இவ்வாராய்ச்சியில் முதற்கருவி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி கைமாறுவதாயின் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுத்தில் முடிதல் வேண்டும் என விதித்தது. அன்று முதல் எழுதப்பட்ட உறுதிகளில், கொடுப்பவர், வாங்குபவர், அவர்கள் வாழும் ஊர், காணியின் பெயர், பரப்பும் குழியுமான அளவு, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு, நான்கு எல்லைகளிலும் உள்ள அயற்காணிகளின் உரித்தாளர் யாவும் இடம்பெறுகின்றன. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. அளவைப் பார்த்தே ஒரு காணி எத்தனை பேருக்கிடையில் துண்டுபட்டது என்று மதிக்கலாம். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தால், அப்பின்னத்தின் பின்னால் எத்தனை தலைமுறையின் பிள்ளைகள் மறைந்து நிற்கின்றனர் என்பதைக் கணக்கறிந்தவர் பின்னோக்கி விரித்துக் காணலாம். எல்லை கூறும் பகுதியைப் பலர் வாசியாது விடுவர், அது பிழை. அயலவராகக் குறிக்கப்படுபவர் பெரும்பாலும் சகோதரர் அல்லது சகோதரி புருடர். ஒரே வளவு பங்கிடப்பட்டே அயல் உண்டாயிற்று.

உறுதி இவ்விடத்தில் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் தேசவழமை. ஒல்லாந்தத் தேசாதிபதி கோர்னேலிசு யோன் சைமன்சு பணித்தபடி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கிளாசு ஐசாக்சு என்பவர் நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707 சனவரியில் ஒப்படைத்தார். யான் பீருசு என்பவர் அதைத் தமிழாக்க, முதலிமார் பன்னிருவர் பார்த்து ஏற்றனர். 1806இல் ஆங்கில அரசும் அதை உறுதிப்படுத்தியது. அதன்படி குடும்பச் சொத்து மூவகை: தந்தைவழி வந்த முதுசம், பெண் கொண்டுவந்த சீதனம், கணவன் மனைவியர் சேர்ந்து ஈட்டிய தேடியதேட்டம். சீதனம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். எனவே யாழ்ப்பாணத்திற் பெண்வழியைத் தேடுதல் ஆண்வழியைத் தேடுவதினும் பல சமயங்களில் எளிது. ஐரோப்பியர் முறையைப் பின்பற்றித் தந்தை, தந்தையின் தந்தை என்று மட்டுமே ஏணி வைத்து ஏறுவோர், கைக்கெட்டும் சீதன உறுதிகளைப் புறக்கணித்து வெறும் சுவரில் முட்டிக்கொள்கின்றனர். கொடிகாமத்தில் வாழும் குடும்பம் ஒன்று அவ்வூருக்கு எப்போது வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுவே: ஆண் மக்கள் வரணியிலிருந்தோ மிருசுவிலிலிருந்தோ கச்சாயிலிருந்தோ பெண் எடுத்து, பெண்ணின் சீதன வளவிற் குடியேறினர். வந்தவர் ஆண்; இருந்தவள் பெண்.

காணியை விற்பவர் முதலிற் பங்காளருக்கு அறிவித்தல் வேண்டும் என்பதும் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் அவ்வறிவித்தல் ஊருக்குரிய கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்கப்பட்டது. கோயிலுக்கு வழிபடப் போகாதவரும் காணிச் செய்தி கேட்கப் போயிருப்பர் என்று ஊகிப்பதிற் தவறில்லை.

ஆங்கிலேயர் காலத்து அரச பதிவுகள் பிந்தியவை. பிறப்பு, இறப்புப் பதிவு 1867இலிருந்தே நாடளாவிய முறையில் நடைபெறலாயிற்று. அதுவும் தொடக்கத்திற் பலரால் அலட்சியஞ் செய்யப்பட்டது. சைவர்களின் விவாகம் தாலிகட்டி, கூறை கொடுத்து, ஊரறிய முடிந்துவிட்டதனால் அதைப் பதிவு செய்யவேண்டும் என்று பலர் நினைத்திலர். 1871இல் நடைபெற்ற முதற் குடிசன மதிப்பு ஊர்க் கணக்கைத் தருமேயன்றி ஆளின் பெயரைத் தராது. பதிவுப் புத்தகத்திற் பிறப்பை அறிவித்தவர் பெயரையும் கவனித்தல் நன்று. அவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ பேரனாகவோ இருப்பார். அந்த ஒரு வரியினால் ஒரு தலைமுறை வெளிப்படுவதுண்டு.

அமெரிக்க மிசன் ஏடுகள் வேறு வகையின. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அம்மிசனார் வலிகாமத்தில் நிலைபெற்றபின், 1830களிற் சாவகச்சேரியிலும் வரணியிலும் நிலையங்கள் அமைத்தனர். அவர்கள் பள்ளிகளிற் சேர்ந்த பிள்ளைகளிற் பலருக்கு, செலவைப் பொறுத்த அமெரிக்க நன்கொடையாளரின் பெயர் இடப்பட்டது. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்சு சிதம்பரப்பிள்ளை என்று தமிழுலகம் நன்கறிந்த புலவர்களின் பெயர்கள் அவ்வாறு வந்தவை. அவர்கள் தமிழ்ப்பெயரையும் தாங்கியமையால் அடையாளம் பிழைத்தது. உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையில் 1824 முதற் சேர்ந்த சிறுமியருட் சிலருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பள்ளி ஏட்டில் மேரி என்றோ ஆன் என்றோ மட்டும் உள்ள ஒருத்தி எந்த ஊரில் யார் மகள் என்பதை அறிய, மிசனாரின் கடிதங்களைத் துருவவேண்டும். அக்கடிதங்களின் பெருந்தொகுதி ஆவார்டு பல்கலைக்கழகத்து ஊற்றன் நூல்நிலையத்தில் இருக்கிறது. கொடிகாமத்துப் பெண்ணொருத்தியின் தகப்பன் பெயர் பாசுடன் நகரத்துக்கு அருகே பேணப்பட்டிருத்தல் கூடும் என்பது விந்தையே.

வீட்டுச் சான்றுகளை ஆராய்ச்சியாளர் சிலர் இகழ்வர். இகழத்தக்கன அல்ல அவை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூல் அச்சிட்டு வழங்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்கே சிறப்பாக உரியது. அதிலே இறந்தவரின் வமிச வரலாறு பாட்டாகவும் உரையாகவும் இருக்கும். புகழ்ச்சியை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது பெரும்பாலும் உண்மை. ஏனெனில் அதை வாசிப்பவர் யாவரும் உறவினர், பெயர் தவறினாற் சண்டைக்கு வருவர். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் இத்தகைய மலர்களை மின்வடிவிற் சேர்த்து, எவரும் பார்க்க வைத்துள்ளது. சாதக ஓலையும் உதவும். ஆனால் அதிலுள்ள ஆண்டுப்பெயர் அறுபதாண்டுக்கொருமுறை திரும்புவது. பிரபவ ஆண்டு ஆவணி மாதம் என்றாற் போதாது. 1807, 1867, 1927 என்ற மூன்றும் பிரபவமே. எந்த ஆணையர், எந்த மணியகாரர் காலம் என்று வேறொரு குறிப்போடு சேர்த்தே அதைத் தீர்மானித்தல் வேண்டும். ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தருப்பணஞ் செய்வோர் தந்தை, பேரன், பூட்டன் என மூவர் பெயரைச் சொல்வர். பாமரர் எனப்படுவோரும் ஆண்டுதோறும் உரைத்துக் காத்த வமிசாவளி அது.

இனி, யாழ்ப்பாண வைபவமாலை. ஒல்லாந்த அதிகாரி ஒருவர் வேண்டுகோளின்படி மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூல், தொண்டைமண்டலம் முதலிய இடங்களிலிருந்து உயர்குடியினர் வந்து ஒவ்வோரூரில் இருத்தப்பட்ட கதையைக் கூறும். குடும்ப வரலாறு எழுத முனைவோரிற் பலர் அங்கிருந்தே தொடங்குகின்றனர். அவ்வாறு மேலிருந்து கீழே இறங்கி வருபவர், எப்படியும் தம் வீட்டு வாசலை வந்தடைந்தே தீர்வர். இடையில் ஐந்நூறு ஆண்டு ஆதாரமின்றிக் கிடப்பது அவர்களுக்குத் தடையாவதில்லை. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமரிசனம் அந்நூலின் கூற்றுக்களை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்த்தமையை அவர்கள் படித்தல் நலம். அறிந்த ஒருவரிலிருந்து அறியாத ஒருவரிடம், கீழிருந்து மேலே, ஒவ்வொரு படிக்கும் ஓர் ஏடு காட்டி ஏறுதலே நேர்மையான முறை.

இதுகாறும் கூறியவை காணி வைத்திருந்த குடும்பங்களுக்குப் பொருந்தும். காணியில் வேலை செய்து, காணி வைத்திருக்க விடப்படாத குடும்பங்களின் நிலை யாது? தென்மராட்சியில் அத்தகையோர் சிலரல்லர். தேசவழமைத் தொகுப்பே அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி வகுத்துள்ளது. அவர்கள் சீதனத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டனர். ஆதலால் அவர்களுடைய முன்னோர் பெயர் எங்கேனும் இருக்குமாயின், அது வேறொருவருடைய உறுதியிலே, கிணற்றுக்கும் பனைக்கும் அடுத்த வரியிலே இருக்கும். 1816 ஆகத்து 12ஆம் நாளுக்குப் பின் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என உரித்தாளர் பலர் உடன்பட்டனர். 1818இல் அடிமைகளைப் பதிவு செய்யும் ஒழுங்குவிதி வந்தது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. அடிமைப் பதிவேடு அவமானத்தின் ஏடு. எனினும், தன் பூட்டனுக்குப் பூட்டன் பெயரை அறிய விரும்பும் ஒருவருக்கு அதுவே முதன்முதல் அப்பெயரை அரசாங்கக் காகிதத்தில் எழுதிய ஏடாகவும் இருக்கிறது. அங்கும் அவர் பெயர் முழுமையாக இராது. பிள்ளை, அம்மாள் என்ற ஈறுகளைத் தாங்க அவர்களை விடாத ஊர், எழுத்திலும் அவற்றைத் தாங்கவிடவில்லை. வேலன், சின்னி என்ற ஒற்றைச் சொல்லோடு, தகப்பன் பெயரின்றி, உடையவன் பெயரோடு அப்பதிவு முடியும். அக்குடும்பங்களின் சொந்தக் கூட்டத்திலே வயது முதிர்ந்த ஆச்சிமார் சொல்லும் உறவுமுறையே அதன் குறையை நிரப்பவல்லது. எந்த ஏடும் எழுதாத பெண் கொடுத்தல், கொள்ளல், குழந்தை இறத்தல் ஆகியவற்றை அவர்கள் மழை, பஞ்சம், கொள்ளைநோய் ஆகியவற்றோடு சேர்த்து நினைவிற் கொண்டிருப்பர். அந்நினைவை உடனே எழுதிக்கொள்ளாவிடின், ஓலை கறையான் வாய்ப்படுவதினும் விரைவில் அது போய்விடும்.

கறையான் மட்டுமன்று, நெருப்பும் ஏடுகளைத் தின்றது. 1981 மே மாத இறுதி இரவிற் கொளுத்தப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் எரிந்தன. 1706இல் ஒல்லாந்தர் கோட்டைக்குள் எழுப்பிய சிலுவைவடிவக் கோயில் 1990களின் போரிற் சிதைந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று தென்மராட்சியெங்கும் வந்து நிறைந்தபோது, பலர் தலையிற் சுமந்து வந்தது உறுதிகள் வைத்த றங்குப்பெட்டியையே. ஐந்து ஆண்டின்பின், 2000இல், போர் தென்மராட்சிக்குள்ளே வந்தது. அப்போது ஓடவேண்டியவர் கொடிகாமத்தார். சாவகச்சேரி நகரம் தரைமட்டமாயிற்று. திரும்பி வந்தவர்களிற் பலர் வீட்டுச் சுவரை மட்டும் கண்டனர்; பெட்டியைக் கண்டிலர்.

பெட்டி போயினும் யாவும் போய்விட்டதாகக் கருதவேண்டியதில்லை. நொத்தாரிசு முடித்த உறுதியின் பிரதியொன்று காணிப் பதிவகத்துக்குச் செல்லும். ஒரு காணியின் பதிவேட்டு மடிப்பைத் திறந்து தேடினால், முன்பின் நடந்த கைமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிறப்பு, இறப்புப் பதிவின் இரட்டைப் பிரதிகள் வேறிடத்திற் பேணப்படுவன. பிறப்புப் பதிவே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. அதற்கும் சாதகம், பாடசாலை வரவு, ஞானஸ்நானச் சீட்டு முதலியவற்றுள் ஒன்று கைகொடுக்கும். பழைய ஒல்லாந்த ஏடுகளிற் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் சென்றவை தப்பின. அவற்றைப் படிக்க ஒல்லாந்த மொழியறிவும், பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்தை வாசிக்கும் பழக்கமும் வேண்டும். இரண்டும் உடையவர் யாழ்ப்பாணத்தில் மிக அரியர். பல்கலைக்கழகங்கள் கருத்திற் கொள்ளத்தக்க குறை இது.

1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. கொடிகாமத்தில் இறங்கும் வெளிநாட்டுப் பேரப்பிள்ளை கையில் ஒரு கல்வெட்டுப் புத்தகத்தோடும் சில பெயர்களோடும் சந்தியிலே நின்று, இன்னாரின் வீடு எது என்று கேட்பதுண்டு. கேட்கப்படுபவர் சிறிது நேரம் யோசித்து, அப்பெயரில் ஊரில் ஐந்துபேர் இருந்தனர் என்பார். அப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ, ஆச்சியின் பழங்கடிதமொன்றிலோ காணியின் பெயர் இருக்குமாயின் அதைச் சொல்லல் வேண்டும். மனிதர் பெயருக்குத் தலையசைத்தவர், காணிப்பெயரைக் கேட்டதும் கையை நீட்டித் திசை காட்டுவார்.